நாலாம் மாடிச் சாட்சி

அத்தியாயம் – 6

"அந்தக் கட்டுரையைப் படிச்சதும் பில்டர் மேல நான் வெச்சிருந்த மதிப்பு குறைஞ்சிடுச்சுங்க" என்றார் கூண்டில் நின்றவர்.

நீதிபதி நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"ரொம்பங்க."

'ரொம்ப' என்று தட்டச்சு ஆனது.

அவதூறு வழக்கின் அழகு இதுதான். மானம் போய்விட்டது என்று மானத்தின் சொந்தக்காரரே வந்து சொன்னால் போதாது. அது போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரும் வர வேண்டும். எனக்கு அவர் மேல் மதிப்பு இருந்தது, படித்தேன், இப்போது இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பில்டருக்குக் கிடைத்த சாட்சி ஒரு ஃப்ரேம்காரர். படங்களுக்குச் சட்டம் போடுபவர். ஒல்லியான, சுத்தமான மனிதர். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

எதிரே குற்றம் சாட்டப்பட்ட நிருபர் நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் நின்றுபோயிருந்தது.

அவள் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. மூடப்பட்ட குளத்தின் மேல் நிற்கும் பில்டரின் அடுக்குமாடிக் கட்டடம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதினாள். மறுவாரம் வழக்கு வந்தது. அவளுடைய ஆசிரியர் கட்டுரையை விடப் பெரிய எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளை வேலையிலிருந்து அனுப்பினார். தகவல் சொன்ன பொறியாளருக்கு வெளிநாட்டில் திடீரென்று நல்ல வேலை கிடைத்தது. வழியனுப்பப் பில்டரே விமான நிலையம் வரை போனார். தீர்ப்பு வரும்வரை கட்டடத்தைப் பற்றி யாரும் எழுதவோ பேசவோ கூடாது என்று தடை வந்தது. கட்டடத்தை ஆய்வு செய்யக் கோரி அவள் மனு போட்டாள். மனு நிலுவையில் இருக்கிறது. நிலுவை என்றால் எங்கேயோ இருக்கிறது என்று பொருள். எங்கே என்று கேட்க இன்னொரு மனு போட வேண்டும்.

வக்கீல் வைக்க வழியில்லாமல் அவளே தனக்கு வக்கீலாகவும் ஆகியிருந்தாள். தோற்றால் சிறை. அதோடு, இனி அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுத யாருக்கும் தைரியம் வராது. அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும். கட்டுரைப்படி பார்த்தால், கொஞ்சம் சரிவாக.

"குறுக்கு விசாரணை நாளைக்கு" என்றார் நீதிபதி. எழுந்து போனார்.

அறை கலைந்தது. ஃப்ரேம்காரர் மட்டும் கூண்டிலிருந்து இறங்கி வாசலுக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் போனார். என்றோ இறந்துபோன ஒரு நீதிபதியின் படம் மின்விசிறிக் காற்றில் லேசாகச் சாய்ந்திருந்தது. ஃப்ரேம்காரர் எக்கி, ஒற்றை விரலால் அதன் கீழ் மூலையைத் தட்டினார். படம் நேரானது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, மூக்கடைப்பு விட்டவர் முகத்தில் வருகிற மாதிரி.

"யோவ், அதைத் தொடாத!" என்று டவாலி கத்தினார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி இதைப் பார்த்தார்.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். உண்மைக் கோரிக்கைகளுக்குப் பணம் கொடுக்கச் சொன்னதால் வேலையை விட நேர்ந்தது. இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிருபரின் வழக்கும் இப்போது அவர் கையில். உதவிக்குக் கணவரின் தம்பி. கட்சிக்காரர்கள் முன்னாலும் கொழுந்தன் 'அண்ணி, அண்ணி' என்றே கூப்பிட்டதில் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு போலீசும். இப்போது அவருடைய இயற்பெயர் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் பாதி உதிர்ந்துவிட்டது.

தாழ்வாரத்தில் நிருபர் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உட்காரும்மா" என்றார் அண்ணி.

"பரவாயில்ல அண்ணி. கால் இருக்கான்னே தெரியல. இருந்தாத்தானே வலிக்கும்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்னு நினைக்கிறேன்." டப்பாவைத் திறந்து பார்த்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது. மூடினாள். "இல்ல போலிருக்கு."

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கொழுந்தன் கேட்டான்.

"மாமனார்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அதுலேர்ந்து என்னை 'எங்க வீட்டு அக்யூஸ்ட்'னுதான் சொல்றார். பாசமாத்தான் சொல்றார்."

"ஜெயிலுக்குப் போயிடுவோம்னு பயமா இருக்கா?" அண்ணி கேட்டார்.

நிருபர் யோசித்தாள். "இருக்கணும். தேடிப் பார்க்கிறேன், கிடைக்கல."

நாளை அந்தச் சாட்சியிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் தடை. மதிப்பைப் பற்றிக் கேட்டால் குறைந்துவிட்டது என்பார். ஒருவர் மனசுக்குள் இருந்த மதிப்பு குறையவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

கொழுந்தன் வாகன நிறுத்தத்துக்குப் போய்விட்டு ஓடி வந்தான்.

"அண்ணி, ஒரு அதிசயம் காட்டறேன், வாங்க."

வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஸ்கூட்டர். அதன் முகப்பில் புத்தம்புது ஸ்டிக்கர். குடியிருப்போர் வாகன அனுமதி, நாலாம் மாடி. கீழே அந்தக் கட்டடத்தின் பெயர். பில்டரின் கட்டடம். வழக்கில் இருக்கும் அதே கட்டடம்.

"ஸ்கூட்டர் ஃப்ரேம்காரரோடது" என்றான் கொழுந்தன். "கைப்பிடியில கூடப் பசை."

அண்ணி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இந்த வருஷத்து ஸ்டிக்கர். கட்டுரை வந்தது போன வருஷம்."

"அதாவது கட்டுரையைப் படிச்சு, பில்டர் மேல மதிப்பு ரொம்பக் குறைஞ்சு, குறைஞ்ச கையோட போய் அவர் கட்டின வீட்லயே இருக்கார். எனக்குக்கூட நம்ம ஆபீஸ் மேல மதிப்பு இல்ல அண்ணி. ஆனா அங்க படுத்துத் தூங்க மாட்டேன்."

"மத்தியானம் தூங்கறியே."

"அது களைப்பு."

அண்ணி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். "இங்க பாரு. கட்டுரை உண்மைன்னு அவர் நம்பினா, சாயற கட்டடத்துல குடியிருக்க மாட்டார். பொய்னு நம்பினா, பில்டர் மேல மதிப்பு குறைஞ்சிருக்காது. ரெண்டுல ஒண்ணுதான். அங்க குடும்பத்தோட நிம்மதியா இருக்கார்னு காட்டிட்டாப் போதும். கோர்ட்ல சொன்னது பொய்யாயிடும்."

"வீடே லஞ்சமாக் கிடைச்சிருக்கும்" என்றான் கொழுந்தன் உற்சாகமாக. "பொய்ச்சாட்சிக்கு நாலாம் மாடி. உண்மை சொல்றவங்களுக்கெல்லாம் நடைபாதை. போய்ப் பார்த்துடலாமா? உள்ள விடுவாங்களா?"

"ஃப்ரேம் போடப் போறவங்களை விடுவாங்க. எதையாவது எடுத்துக்கோ."

கொழுந்தன் எடுத்துக்கொண்டது அண்ணனின் போட்டோ.

*

"யாரைப் பார்க்கணும்?" என்றார் கேட் காவலாளி.

"ஃப்ரேம்காரரை." கொழுந்தன் போட்டோவைக் காட்டினான்.

காவலாளி போட்டோவைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "எப்ப ஆச்சு?"

"காலையில கூட நல்லாத்தான் இருந்தார்" என்றான் கொழுந்தன். அது உண்மை. இப்போதும் நல்லாத்தான் இருந்தார், வீட்டில், தூங்கிக்கொண்டு.

லிஃப்டில் அண்ணி சொன்னார்: "உங்க அண்ணன் கிட்ட இதைச் சொல்லாத."

"சொன்னா, யார் யார் அழுதாங்கன்னு கேட்பார்."

நாலாம் மாடிக் கதவை ஃப்ரேம்காரரே திறந்தார். வாசலில் ஒரே ஜோடிச் செருப்பு. கடையை விட்டுவிட்டதாகவும் இப்போது வீட்டிலேயே வேலை செய்வதாகவும் சொன்னார். கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தவர்களை அவர் கவனித்திருக்கவில்லை. கூண்டில் நிற்பவர்கள் பின்வரிசையைப் பார்ப்பதில்லை.

கூடத்தின் நடுவே பெரிய வேலை மேசை. ஓரத்தில் கண்ணாடித் தகடுகள், மரச்சட்டங்கள், பசை டப்பா. ஜன்னலை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவர் முழுக்கக் கல்யாணப் போட்டோக்கள். யார் யாரோ.

"எல்லாம் உங்க சொந்தக்காரங்களா?" என்றான் கொழுந்தன்.

"கஸ்டமருங்க. ஃப்ரேம் போடக் குடுப்பாங்க. வாங்க வர மாட்டாங்க."

"ஏன்?"

"கல்யாணத்தன்னிக்கு இருக்கிற ஆர்வம் அப்புறம் இருக்காது தம்பி. தூக்கிப் போடவும் மனசு வரல. மாட்டிட்டேன்."

ஃப்ரேம்காரர் அண்ணனின் போட்டோவை மேசையில் வைத்து அளந்தார். "மாலை போட இடம் விடணுமா?"

"இப்ப வேண்டாம்" என்றார் அண்ணி. "பின்னாடி பார்த்துக்கலாம்."

கொழுந்தன் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கதவுச் சட்டத்தை ஒட்டித் தொங்கிய ஒரு ஜோடியின் முன்னால் நின்றான். படம் கோணலாக இருந்தது. கதவோடு பார்த்தால் நன்றாகவே தெரிந்தது. விரலால் தட்டி நேராக்கினான். விரலை எடுத்ததும் படம் ஆடி, பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி நேராக்கினான். மறுபடி வந்தது.

"இந்த ஜோடிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றான். பிறகுதான் மற்றவற்றையும் பார்த்தான். எல்லா ஜோடிகளும் அப்படித்தான், ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு, குரூப் போட்டோவுக்குச் சொல்லி வைத்தாற்போலச் சாய்ந்திருந்தார்கள். "என்னங்க, எல்லாத்தையும் கோணலா மாட்டியிருக்கீங்க?"

ஃப்ரேம்காரரின் கை நின்றது. காது மடல் சிவந்தது. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஆமா தம்பி. கோணல்தான். கவனிக்கல."

அதுவரை உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார்.

"தம்பி, அந்த மேசைக்கு அடியில என்ன இருக்கு பாரு."

கொழுந்தன் குனிந்தான். மேசையின் ஒரு காலுக்கு அடியில் மட்டும் ஒரு செய்தித்தாள் மடித்துக் கெட்டியாகச் செருகப்பட்டிருந்தது. வெளியே தெரிந்த பக்கத்தில் நிருபரின் பெயர் இருந்தது. கட்டுரையும் இருந்தது.

"ஜனநாயகத்தோட நாலாவது தூண்னு சொல்வாங்க" என்றான் கொழுந்தன் எழுந்து. "நாலாவது காலா இருக்கிறதை இப்பதான் பார்க்கறேன்."

அண்ணி கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் பழைய ஆபீஸ் அடையாள அட்டையின் நீலக் கயிறு இன்னும் இருந்தது. கயிற்றைப் பிடித்து, பிடிவாதக்கார ஜோடியின் முன்னால் சாவியைத் தொங்கவிட்டார். சாவி ஆடியது, சுற்றியது, நின்றது.

கயிறும் படத்தின் ஓரமும் ஒன்றாக நின்றன. கதவுச் சட்டம் தனியாகச் சாய்ந்து நின்றது.

கொழுந்தன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு இரண்டையும் மூடிக்கொண்டான்.

"அண்ணி, நாம லிஃப்ட்ல இறங்கலாமா, படியில இறங்கலாமா? எது சீக்கிரம்?"

"காலையில கோர்ட்ல ஒரு படம் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தது" என்று அண்ணி ஃப்ரேம்காரரிடம் சொன்னார். "வீட்டுக்குப் போற அவசரத்துலயும் நின்னு நேராக்கிட்டு, டவாலி கிட்டத் திட்டு வாங்கிட்டுப் போனீங்க. அப்படிப்பட்டவர் தன் வீட்ல சுவர் முழுக்கக் கோணலை வெச்சுக்கிட்டு, கவனிக்கலன்னா நான் நம்பணுமா?"

ஃப்ரேம்காரர் பசை டப்பாவை மூடினார். திறந்தார். மூடினார்.

"நீங்க அந்தப் பொண்ணோட ஆளா?"

"ஆமா."

அவர் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. பயப்படவும் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எப்பத் தெரியும்?" அண்ணி கேட்டார்.

"கட்டுரை வந்த அன்னிக்கே. அப்ப நாங்க குடி வந்து கொஞ்ச நாள்தான். இருந்ததையெல்லாம் போட்டு வாங்கின வீடு. படிச்சேன். சும்மா பார்ப்போமேன்னு ரசமட்டத்தை எடுத்துத் தரையில வெச்சேன். குமிழி ஓரத்துக்கு ஓடிப் போயிடுச்சு."

"அப்ப பில்டர் மேல மதிப்பு…"

"குறைஞ்சிடுச்சும்மா. நிஜமாவே ரொம்பக் குறைஞ்சிடுச்சு. கூண்டுல நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அண்ணி, நாம ஒரு பொய்ச்சாட்சியைத் தேடி வந்தோம். இவர் நிஜச்சாட்சி. யார் மேல கோபப்படறதுன்னே தெரியல."

"வீட்ல மத்தவங்க?" அண்ணி கேட்டார்.

"சம்சாரமும் பசங்களும் மச்சான் வீட்ல. லீவுக்குப் போயிருக்கிறதா அக்கம்பக்கத்துல சொல்லியிருக்கேன். லீவு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, யாரும் கேட்கல. நான் மட்டும் இருக்கேன். வீடு பூட்டிக் கிடந்தா சந்தேகம் வரும்ல."

"எதுக்குப் பில்டருக்காகச் சாட்சி சொன்னீங்க?"

"கேஸ் ஜெயிச்சா வேற கட்டடத்துல மாத்து வீடு தர்றேன்னிருக்கார்."

"அந்தக் கட்டடமாவது நேரா நிக்குதா?" என்றான் கொழுந்தன்.

"ரசமட்டம் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டேன் தம்பி. நேராத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. கீழே எங்கோ ஒரு பிள்ளை படிக்கட்டில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"மத்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"தரை சாயறப்ப உடம்பும் சேர்ந்து சாய்ஞ்சுக்குதும்மா. பழகிடுது. கதவு மூடலன்னா அடியில இழைச்சுக்கறாங்க. கொஞ்சம் தெரிஞ்சவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. சொன்னா வீட்டை யார் வாங்குவா?" பந்துச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். "பசங்க படியில விளையாடறதைப் பார்த்தா நான் லிஃப்ட்ல போயிடறேன்."

"நாளைக்கு இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

"மாட்டேன்." சட்டென்று வந்தது. "என் பிள்ளைங்க மச்சான் வீட்டுக் கூடத்துல தூங்குதுங்கம்மா. வீடு எப்படி இருக்குன்னு அந்தப் பொண்ணு கேட்டா, நல்லா இருக்குன்னுதான் சொல்வேன். சத்தியம் பண்ணிச் சொல்வேன். நீங்க இங்க வந்ததையும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க."

"சரி" என்றார் அண்ணி. சாவியைப் பைக்குள் போட்டார். "வீட்டைப் பத்தி அவ கேட்க மாட்டா."

படியில்தான் இறங்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு சிறுமி பந்தோடு உட்கார்ந்திருந்தாள். பந்தைத் தரையில் வைத்தாள். அது தானாக உருண்டு சுவரோரம் போய் நின்றது. எடுத்து மறுபடி வைத்தாள். அவளுக்கு அது பந்தின் குணம்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் வெடித்தான்.

"என்ன அண்ணி, கையில கிடைச்சதை விட்டுட்டு வந்துட்டீங்க! ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாம்."

"எடுத்து? எங்க போடுவ? தடை இருக்கு. போட்டா நீயும் அவ பக்கத்துல நிக்கலாம்."

"அப்ப இதை யாருமே சொல்ல முடியாதா? அவ எழுதக் கூடாது, நாம பேசக் கூடாது, அவர் வாயைத் திறக்க மாட்டார்…"

"ஒரு இடத்துல சொன்னா மட்டும் எல்லாரும் எழுதலாம்" என்றார் அண்ணி. "கோர்ட்ல நடந்ததை நடந்தபடி எழுதினா அது அவதூறும் ஆகாது, இந்தத் தடையும் அதைத் தொடாது. எந்தப் பத்திரிகையும் எழுதலாம். கூண்டுக்குள்ள ஒருத்தர் சொல்லணும், அவ்வளவுதான்."

"அவர்தான் சொல்ல மாட்டேங்கறாரே."

"வீட்டைப் பத்திச் சொல்ல மாட்டார்" என்றார் அண்ணி.

*

மறுநாள் நிருபர் எழுந்து நின்றாள். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள், ஆனால் இப்போது வக்கீலாக நின்றாள். பத்திரிகைக்காரர்கள் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் தூங்கினார், மற்றவர் அவர் மேல் சாய்ந்து தூங்கினார்.

"நீங்க எவ்வளவு காலமா ஃப்ரேம் போடறீங்க?" நிருபர் கேட்டாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அப்பா காலத்துலேர்ந்துங்க."

"படம் மாட்டித் தருவீங்களா?"

"மாட்டித் தருவேங்க."

"நேத்து இங்க, அதோ அந்தப் படம் சாய்ஞ்சிருந்தது. நீங்க நேராக்கினீங்க. ஏன்?"

ஃப்ரேம்காரர் சிரித்தார். "கண்ணை உறுத்துச்சுங்க. சும்மா இருக்க முடியல."

"உங்க வீட்லயும் படங்கள் மாட்டியிருக்கீங்களா?"

சிரிப்பு போனது. அவர் பின்வரிசையைப் பார்த்தார். அண்ணி தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டியிருக்கேன்."

பில்டரின் வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். கட்டடத்தைப் பற்றிப் பேசத் தடை இருக்கிறது."

"நான் கட்டடத்தைப் பத்திக் கேட்கல" என்றாள் நிருபர். "படத்தைப் பத்திக் கேட்கறேன்."

நீதிபதி தடை உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். அதில் சுவர், தூண், தரை, அஸ்திவாரம் எல்லாம் இருந்தன. கல்யாணப் போட்டோ இல்லை. "கேளுங்க" என்றார்.

"உங்க வீட்ல எல்லாப் படமும் கோணலாத் தொங்குது. சரியா?"

ஃப்ரேம்காரர் விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்தார்.

"தொழில் தெரியாம மாட்டினதா?"

யாரோ சிரித்தார்கள். டவாலியாக இருக்கலாம். ஃப்ரேம்காரரின் காது மடல் சிவந்தது. கைகள் கூண்டின் கம்பியைப் பிடித்தன.

"அப்பா காலத்துலேர்ந்து பண்றேன்னு சொன்னீங்க. அப்பா இப்படித்தான் மாட்டுவாரா? கோணலா?"

பில்டர் முன்வரிசையிலிருந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மாத்து வீடு இருந்தது, கூடம், சமையலறை, நேரான சுவர்களோடு. ஃப்ரேம்காரர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சுவரில் இருந்த செத்துப்போன நீதிபதியைப் பார்த்தார்.

"ஒரு ஃப்ரேம்காரர் வீட்ல அத்தனை படமும் கோணல்னு பதிவு பண்ணிக்கலாமா?" என்றாள் நிருபர்.

"பண்ணாதீங்க."

மெதுவாகத்தான் சொன்னார். தட்டச்சு நின்றது.

"படம் நேராத்தான் தொங்குது" என்றார் ஃப்ரேம்காரர். "நான் மாட்டின படம் நேராத்தான் தொங்கும். சுவர்தான்…"

பில்டரின் வக்கீல் எழுந்தார், எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். சாட்சி அவருடைய சாட்சி.

"சுவர் எப்படி இருக்கு?" இந்தத் தடவை கேட்டது நீதிபதி.

ஃப்ரேம்காரர் வலது கையை முன்னால் நீட்டினார், விரல்களைச் சேர்த்து, தரை மாதிரி. பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தார். ரசமட்டம் பார்த்துப் பழகிய கை அது. சரியான இடத்தில் நின்றது. நீதிபதியின் தலையும் தெரியாமல் அதே பக்கமாகச் சாய்ந்தது.

'சாட்சி கையைச் சாய்த்துக் காட்டுகிறார்' என்று தட்டச்சு ஆனது.

பெஞ்சில் இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவைத் தேடினார். மற்றவர் அண்ணியின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "இதை எழுதலாமா மேடம்? எங்க மேல கேஸ் வராதே?"

"சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க" என்றார் அண்ணி. "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"கையைக் காட்டினதை எப்படி எழுதறது?"

"படம் வரைஞ்சிடுங்க" என்றான் கொழுந்தன். "நேரா மட்டும் வரைஞ்சிடாதீங்க."

நிலுவையில் இருந்த ஆய்வு மனு எங்கே என்று நீதிபதி கேட்டார். அது மேசை மேலேயே இருந்தது.

ஃப்ரேம்காரர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். பில்டர் பக்கம் திரும்பவில்லை. கொழுந்தனிடம் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அண்ணனின் போட்டோ, சட்டம் போட்டது.

"ரெண்டு ஆணி அடிக்காதீங்க தம்பி. ஒண்ணு போதும். அதுவா நேராத் தொங்கும்."

"நீங்க இப்ப எங்க போவீங்க?" அண்ணி கேட்டார்.

"மச்சான் வீட்டுக்கு. அவங்க கூடத்துல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கான்னு பார்க்கணும்." போகிற வழியில் அந்த நீதிபதி படத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். நேராகத்தான் இருந்தது. போனார்.

எல்லோரும் போன பிறகும் நிருபர் நின்ற இடத்திலேயே நின்றாள். டவாலி ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். யார் சொல்லியும் அல்ல. அவள் நாற்காலியைப் பார்த்தாள், அது எதற்கு என்று ஞாபகப்படுத்திக்கொள்பவள் போல. பிறகு உட்கார்ந்தாள். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முகம் சுருங்கியது.

"என்னம்மா?" என்றார் அண்ணி.

"கால் வலிக்குது அண்ணி. ரொம்ப வலிக்குது."

"நல்லது" என்றார் அண்ணி.